பத்மநாதனின் அன்புச் சகோதரி

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதிக் காய்கறிக் கடை வரிசையில் உதயகுமாரிக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒரு சாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சை ட்வெய்ட்டாவிலைதானாம். வீடியோ பாத்துப் பாத்தே போனுக்கு ஆப் செய்யப் பழகின மனிசியாம்."

"ஆர் சொன்னது?"

"மயூராவின்ரை தமையனுக்கு ஆரோ சொன்னவையாம். ராப்பகலாக் கொம்பியூட்டரைப் பாத்து மூளை நரம்பு வெடிச்சிட்டுதாம். அம்பது வயசிலை உது தேவையே?"

உதயகுமாரி காது கொடுத்தாள். தன்னைப் போலவே இன்னொருத்தி, அதுவும் இதே ட்வெய்ட்டாவில்! முகம் தெரியாமலே போய்விட்டாளே என்று பரிதாபப்பட்டபடி முருங்கைக்காயைக் கூடையில் போட்டாள். அப்போதுதான் மற்றவள் கேட்டாள்.

"புருசன் ஆராம்?"

"வேதக்காரராம். டிராம் ஓட்டுறவராம்."

அவளுக்குத் தெரிந்து ட்வெய்ட்டாவில் டிராம் ஓட்டுகிற கிறிஸ்தவத் தமிழர் ஒரேயொருவர்தான். அவள் கணவர் யோசேப்பு.

கூடையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போனை அலுமாரியில் பூட்டிவிட வேண்டும். எடுத்த பிறகும் சத்தத்தைத் திறக்க மறந்திருந்தாள். இப்போது பார்த்தால் தவறிய அழைப்புகள் திரை கொள்ளாமல் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கையால் செய்த செயலியிலிருந்து அவளுக்கே ஓர் அறிவித்தல்.

"யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோ ட்வெய்ட்டாவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி உதயகுமாரி யோசேப்பு அவர்கள் இன்று காலமானார். அன்னார் யோசேப்புவின் அன்பு மனைவியும், மிதுனாவின் பாசமிகு தாயாரும், பத்மநாதனின் அன்புச் சகோதரியும் ஆவார்."

பக்கத்து நிலத்தடி ரயில் நிலைய வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்தாள்.

காலையில் வேலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் எழுதியது அது. இரண்டு வருடமாகச் சென்னைப் பொடியன் ஒருவனின் வீடியோக்களைப் பார்த்துத்தான் பழகினாள். முதலில் கணினியில் ஓடும் சின்னக் கணக்குப் பொறி, பிறகு கைத்தொலைபேசிக்கு இந்தச் செயலி. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாம் அதில் அறிவிக்கலாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பலர் வைத்திருந்தார்கள். அவள் முதலிலிருந்தே செய்ய நினைத்ததோ மரண அறிவித்தல் பகுதியைத்தான்.

காரணம் அவளுடைய அண்ணன். அம்மா செத்தபோது அறிவித்தல் கொடுத்தவர் ஒஸ்லோவிலேயே பியோர்ண்டாலில் இருக்கும் அந்த அண்ணன் பத்மநாதன். பிள்ளைகளின் வரிசையில் உதயகுமாரி இல்லை, மருமக்களில் யோசேப்பு இல்லை. வேதக்காரனைக் கட்டியவளை அண்ணன் அம்மாவின் பிள்ளையாகவே கணக்கில் எடுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருடம்.

அந்தப் பகுதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. உயிரோடிருக்கும் வேறு ஆட்களின் பெயரைச் சாவில் எழுத மனம் வரவில்லை. சரி, என்ரை பேர்தானே என்று எழுதினாள். சகோதரர் கட்டத்தை வெறுமையாக விடக் கை கேட்கவில்லை. அண்ணனையும் எழுதிப் பொத்தானை அழுத்தினாள். அது செயலி வைத்திருந்த எல்லார் போனுக்கும் போகும் என்று நினைக்கவில்லை.

மகள் மிதுனா அழைத்தாள். பேர்கன் நகரத்தில் படிப்பவள்.

"அம்மா? உண்மையா நீங்களே கதைக்கிறது?"

"ஓமம்மா, நான்தான். அது சும்மா சோதிச்சுப் பாத்தனான்."

"ஹெர்ரெகுட், கடவுளே! நான் பிளேன் டிக்கெட் பாத்துக்கொண்டு நிக்கிறன், நீங்கள் சோதிச்சனீங்களோ? அப்பா டிராமை நிப்பாட்டிப்போட்டு அழுறார்! உங்களுக்கு மட்டும் போற டெஸ்ட் குறூப் எண்டு ஒண்டு முதலிலை செய்யச் சொல்லேல்லையா உங்கடை வாத்தியார்?"

அந்தப் பொடியன் சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனைத் தட்டுங்க என்று கெஞ்சத் தொடங்கினால் உதயகுமாரி எப்போதும் வீடியோவை முன்னே தள்ளிவிட்டுப் போவாள். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லியிருப்பான்.

"சரி, இப்ப அதைத் திருப்பி எடுங்கோ."

"அது அடுத்த வீடியோவிலையாம், பிள்ளை. நான் இன்னும் பாக்கேல்லை."

"அம்மா! செத்தும் படிச்சு முடிக்கேல்லையா நீங்கள்?" மகள் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "அப்பாவுக்கு நான் சொல்லுறன். வையுங்கோ. மாமாவின்ரை பேரையும் போட்டிருக்கிறியள், அவருக்கும் ஆரும் அனுப்பியிருப்பினம்."

வைத்த கையோடு போன் அதிர்ந்தது. திரையில் "அண்ணா" என்றிருந்தது. அழிக்க மனமில்லாமல் வைத்திருந்த இலக்கம்.

செத்தவளுடைய போனுக்கு அண்ணன் அழைக்கிறார். யோசேப்புத்தான் எடுப்பார் என்று நினைத்து அழைக்கிறார். இத்தனை வருடமாக யோசேப்புவின் பெயரைக்கூட வாயால் சொல்லாத மனிதர்.

எடுத்து "அண்ணா" என்றால் என்ன செய்வார்? அழுவாரா? ஏமாற்றிப்போட்டாய் என்று வைத்துவிடுவாரா? செத்த தங்கச்சிக்கு இரங்கியவர் உயிருள்ளவளுக்கும் இரங்குவாரா?

கீழே ரயில் வந்து நின்று போனது. விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.