ஆட்சேபணை உண்டா?

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் தடுமாறுவேன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவனுக்கு எழுத்து எதற்கு? ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் வீடு திருச்சி விமான நிலையத்துச் சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. துபாயில் இருந்த தம்பி, வேலையை விட்டு வந்ததும் தங்குவதற்காக மாடியில் ஓர் அறை கட்டச் சொன்னான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். இருபது வருடமாக எட்டுப் பேர் அறையில் ஒருவனாகப் படுத்தவன்.

"ஜன்னல மட்டும் பெருசா வைங்கண்ணே" என்றான். வைத்தேன். அறைக்கு மேல் இரும்புக் கால் நட்டுத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தேன்.

விமானம் இறங்கும் பக்கத்தில் கட்டடம் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. கடிதம் வந்தது. எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே கேள்வி. "ஆட்சேபணை இல்லைன்னு பேப்பர் வாங்குனீங்களா?" போகப் போக அது சுருங்கி, "ஆட்சேபணை இருக்கா?" என்று ஆனது. "இல்லைங்க" என்பேன். கடைசியில், அறையை இடிக்கச் சொல்லி அரசாங்கம் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து, தொட்டியின் உச்சி வரை அளந்து, அதையே கட்டடத்தின் உயரம் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்.

எங்கள் வக்கீல் கலங்கவில்லை. "தொட்டிய எறக்கிட்டா ரூம் அளவுக்குள்ளதாங்க இருக்கு. அத நான் பாத்துக்கறேன்." அதை அப்படியே தம்பிக்குப் போனில் சொன்னேன்.

வாய்தா அன்று அவர் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே ஹால் நிறைய ஆள். நீதிபதி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ரிப்போர்ட்டுக்கு ஆட்சேபணை உண்டா?"

என் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். ஆபீசுகளில் கேட்ட அந்தப் பேப்பரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"இல்லைங்கய்யா."

"யோசிச்சுச் சொல்லுங்க. இல்லையா?"

"சத்தியமா இல்லைங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுதிக்கொண்டார்.

மூச்சிரைக்க ஓடி வந்த வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க!" அவர் பிறகு போட்ட மனு தள்ளுபடி ஆனது. அறையை இடித்தார்கள். பெரிய ஜன்னலை மட்டும் சட்டத்தோடு கழற்றிக் கீழே சாய்த்து வைத்தேன்.

தம்பி வந்து இறங்கினான். "மேலேருந்து நம்ம வீட்டத் தேடினேண்ணே, அடையாளமே தெரியல" என்றான். சாய்த்து வைத்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தொட்டிய எறக்கறோம்னு கோர்ட்டுல சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்டா."

கீழே இருப்பது ஒரே அறை. அதில் நான், மனைவி, இரண்டு பெண்கள். எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவன் ஸ்ரீரங்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தான். ஞாயிறுதோறும் போவேன். டீக்கடையில் எல்லோரிடமும் என்னைக் காட்டுவான்.

"எங்கண்ணன் வாயில்லாப் பூச்சிங்க. எனக்காக ஜட்ஜு முன்னாடி நின்னு வாதாடுனாரு."

"அட, இவரா! என்னங்க பேசுனீங்க?" என்பார் கடைக்காரர்.

நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவேன்.

போன ஞாயிறு தம்பி சொன்னான். "திரும்பிப் போறேண்ணே. வாடகை குடுத்துக் கட்டுப்படியாகல. அங்க எட்டுப் பேர் ரூம்ல எனக்குன்னு ஒரு கட்டிலாவது இருக்கு."

இந்த வயதில். நாளைக் காலை அவன் போகும் விமானம் எங்கள் மொட்டை மாடிக்கு மேல்தான் ஏறும். இந்தத் தாளை அவன் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வைக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

எழுதியது: ஐப்பசி ஒன்பது, செவ்வாய்க்கிழமை.