பன்னிரண்டு பக்கம்

கம்பத்தாருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்த சங்கதி. மின்கம்பம் ஏறியே காலம் தள்ளிய லைன்மேன் அவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் தன் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புயலில் சாய்ந்த கம்பங்கள், கம்பியில் மாட்டிய பட்டங்கள், வாங்கிக் கட்டிக்கொண்ட அதிகாரிகள் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்தவர், மச்சான் செத்ததை மட்டும் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்.

மச்சான் இவரோடு ஒன்றாக வேலை பார்த்தவன். நல்லவன் என்று நம்பித் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார். ஒருநாள் அவன் கம்பத்தின் மேலே இருக்க, இவர் கீழே நிற்க, லைனில் ஆள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் எவனோ சுவிட்சைப் போட்டுத் தொலைத்தான். தரையில் விழும்போதே உயிர் இல்லை. நடந்தது அவ்வளவுதான், எழுதியதும் அவ்வளவுதான்.

பதிப்பகத்துக்காரருக்குக் கணக்கு வேறு. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம், பாரம் பாரமாகத்தான் அச்சடிப்பார்கள். புத்தகம் எண்பத்து நான்கில் நிற்கிறது, அதைத் தொண்ணூற்றாறுக்கு இழுக்காவிட்டால் கடைசித் தாள்கள் வெள்ளையாகப் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பார்த்துச் செய்யுங்கள் என்று கம்பத்தார் தலையாட்டி வைத்தார். எழுத்தைப் பெரிசாக்குவார்கள், நாலு படம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார், அப்பாவி மனுஷர்.

மெய்ப்பு தயார் என்று கூப்பிட்டார்கள். பதிப்பக அறையில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். அந்த ஒரு பக்கம் பதின்மூன்றாகப் பெருத்திருந்தது. உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறக்காமல் டப்பாவைக் கைகாட்டுகிற மச்சான், இவர் மடியில் கிடந்தபடி வானத்தைப் பற்றிப் பேசினான், வாழ்க்கையைப் பற்றிப் பேசினான், கடைசியில் பெண்டாட்டி பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். கம்பத்தாருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்தவன் வாயில எவன்யா வசனத்தைத் திணிச்சது?”

பதிப்பகத்துக்காரர் அசரவில்லை. நன்றாக எழுதுகிற ஒரு பையனிடம் கொடுத்தாராம், கம்போஸ் செய்த பெண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். “அதுதான் சார் புத்தகத்துக்கே உயிர்,” என்றார்.

என்ன தைரியம் இருந்தால் அந்த வார்த்தையை அவரிடம் சொல்வான்? கம்பத்தார் போட்ட கூச்சலில் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எண்பத்து நான்கு ஒத்துவராதென்றால் எண்பதில் முடியுங்கள், எனக்கு நடந்த பாராட்டு விழா நாலு பக்கம், அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள், மச்சான் சாவு ஒரு பக்கம்தான், ஒரு வரி கூடக் கூடாது என்று மேசையைத் தட்டினார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்ட பதிப்பகத்துக்காரர், காலையிலேயே மெய்ப்பின் இன்னொரு படியை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக மெதுவாகச் சொன்னார்.

கம்பத்தார் அப்படியே வீட்டுக்கு ஓடினார். மச்சான் போனதிலிருந்து தங்கை அவர் வீட்டில்தான் இருக்கிறாள்.

போய்ப் பார்த்தால், சமையலறையில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்கள். முகம் வீங்கியிருந்தது.

“அவரு என் பேரைச் சொன்னாரா? இத்தனை வருஷமா ஏன்ணா என்கிட்ட சொல்லல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் அந்தப் பதிப்பகத்துக்காரனுடைய பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டுமா என்ற ஆத்திரம் அவரை விடவில்லை.

“இல்லம்மா. அவன் ஒண்ணுமே சொல்லல. எல்லாம் இவனுங்க கட்டிவிட்டது.”

அதோடு விடாமல் மேலும் பேசிக்கொண்டு போனார். பதிப்பகத்துக்காரனை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டேன், பன்னிரண்டு பக்கத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன், அதை இப்படிக் கொடு, கிழித்துப் போடுகிறேன் என்று கையை நீட்டினார்.

அவள் தாள்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவரிடம் அப்படி ஒரு கோபத்தோடு அவள் பேசியதே இல்லை.

“உன் புத்தகத்துல வேணாம்னா எடுத்துக்கோ. இதைத் தரமாட்டேன். உனக்கு ஒரு பக்கம் போதும்ணா. எனக்குப் போதல.”