துவைத்துக் காயப்போட்ட பூ

என் பெரியம்மாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு உதவி செய்தாள். அதுவும் தெரியாமல் செய்தது.

அப்போது ராயபுரத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் கொடி தைக்கும் கடையில் வேலை செய்தாள். மாமா கப்பலில் மூட்டை இறக்கும்போது விழுந்து செத்துப்போனார். அதிலிருந்து அத்தை பூ வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் இன்னொருவரைக் காட்டினார்கள்.

கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். சிவப்பு, மஞ்சள், நீலம். பெரியம்மாவின் மகளான அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பந்தலுக்குத் துணிப்பூ செய்து தருவதாக அத்தையே சொன்னாள். நான் நாடா நாடாவாக வெட்டுவேன். அவள் ஓர் ஓரத்தில் நூலோட்டி இழுப்பாள். துணி சுருண்டு பூவாகிவிடும். ஒரு மாதத்தில் இரண்டு கூடை செய்தோம். கத்தரிக்கோல் கிழித்த தழும்பு என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெரியம்மா ஒரு பூவை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"இதுக்குப் பேரு பூவா? மோந்து பாரு, மிஷின் எண்ணெ நாத்தம். கந்தலு. இத்தக் கட்னா சம்பந்தி வூட்ல சிரிப்பாங்க. எடுத்துனு போ."

அத்தை கூடைகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனாள். மறுநாள் அவளையும் அங்கேயே பாத்திரங்களோடு உட்கார வைத்தார்கள். மேளச் சத்தம் கேட்கும், மணப்பெண் முகம் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்ததே அத்தைதான்.

கூடையிலிருந்து பெரிய சிவப்புப் பூவை எடுத்து அத்தையின் கொண்டையில் செருகினேன். "வேணாண்டி" என்றாள். கொண்டை ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். குத்திவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன்.

பெரியம்மா தட்டோடு குறுக்கே வந்தாள்.

"இன்னாடி அக்கிரமம் இது. தாலி கட்ற நேரத்துல அறுத்தவ பூவு வெச்சினு வர்றா."

"பூவா? எங்க கீது? நீதான நேத்து சொன்ன, இது பூவு இல்ல, கந்தலுன்னு. வோணுன்னா இன்னொரு வாட்டி மோந்து பாரு" என்றேன்.

பூ என்றால் பெரியம்மா நேற்றுச் சொன்னது பொய். கந்தல் என்றால் இன்று சண்டை போட வழியில்லை. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அவள் பயந்தபடியேதான், ஆனால் அவளைப் பார்த்து. மணையிலிருந்து அக்கா, "அத்தே, இப்டி முன்னால வந்து நில்லு" என்றாள். அத்தை முன்னால் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தாள்.

அத்தை அதோடு விடவில்லை. அடுத்த வாரம் வேலைக்கே துணிப்பூ வைத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து, தெரு பார்க்கக் கயிற்றில் காயப்போடுவாள். யாராவது வாயெடுத்தால், "கந்தலுதானேம்மா" என்பாள்.

ஜெயித்தது நான்தான் என்று வெகுநாள் சொல்லித் திரிந்தேன். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்து வயதில் எனக்கு அது கிழவி வயது. வேணாம் என்று சொன்னவள் எதற்குக் கொண்டை ஊசியைக் கொடுத்தாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.