வயிற்றுக்கு ஒருசந்தி

எனக்குப் பெருங்குடலில் புண் வந்ததும் சமையலை என் கணவர் எடுத்துக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் வேதக்கார வீடுகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதை ஒருசந்தி என்போம். அவர் என் வயிற்றுக்கே ஒருசந்தி போட்டுவிட்டார். வடிகட்டின கஞ்சி, முத்தியால்பேட்டை பேக்கரியின் வெள்ளை ரொட்டி, மறுபடியும் கஞ்சி. ஒரு கீரைத்தண்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

"குடலுக்கு ரெஸ்ட் குடுக்கணும்மா" என்பார். மாதக்கணக்காகவா ரெஸ்ட்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரத்தப்போக்கு குறைந்தது, புண் மட்டும் ஆறவில்லை. இப்படியே போனால் குடலை வெட்ட வேண்டிவரலாம், வயிற்றில் பை கட்ட வேண்டிவரலாம் என்றார் டாக்டர். பிறகு என்ன சாப்பாடு என்று கேட்டார். இவர் கஞ்சி, ரொட்டி என்று பெருமையாகச் சொன்னார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"நோய் கடுமையா இருந்தப்ப அது சரி சார். இப்ப அடங்கிட்டு வருது. குடல்ல நல்ல பாக்டீரியா இருக்கு. நார்ச்சத்தத் தின்னுட்டு பியூட்டிரேட்னு ஒண்ணு செய்யும். குடல் சுவருக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். நீங்க அதுங்களப் பட்டினி போட்டுட்டீங்க."

பாவம், மனுஷன் முகம் செத்துப்போனது. மாத்திரையை நிறுத்தாமல், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தார். வாழைக்காய், குழைய வேகவைத்த பருப்பு, ஆறவைத்த சோறு; சோறு ஆறினால்தான் பாக்டீரியாவுக்குத் தீனியாம். சாப்பாட்டுச் செபத்திலும் அந்த நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துக்கொண்டார்.

"கிருமிக்குச் செபமா? பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு."

"உனக்காக உள்ள உழைக்கிறது அதுங்கதானம்மா" என்றார்.

மறுபடி குழாய் விட்டுக் குடலை ஸ்கோப் பார்க்கும் நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவும் மருந்தைக் கரைத்தவர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்.

"இவ்ளோ நாளா வளத்தது. எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடுமே."

"போனா போவுது, குடுங்க இப்படி" என்று பிடுங்கிக் குடித்தேன். அதட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். பையோடு வாழ நான் தயாராயில்லை.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். "புண் நல்லா ஆறிடுச்சும்மா. ஆபரேஷன் பேச்சே வேணாம்."

"அதுங்க, சார்?" என்றார் இவர்.

"கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். தீனி போடுங்க, பெருகிடும்."

டாக்டர் போனதும் இவருடைய துணிப்பைக்குள்ளிருந்து டிபன்பாக்ஸ் வந்தது. ஆறின சோறும் வாழைக்காய்ப் பொரியலும்.

"சாப்புடு. நேத்துலேருந்து பட்டினி, பாவம்."

"யாரு, நானா?"

"அதுங்கதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், ஸ்பூனை நீட்டியவரின் முகம் பசியில் வாடிக்கிடந்தது.

"நீங்க எப்ப சாப்ட்டீங்க?"

"நீ நிறுத்தினப்பதான்." நேற்று நான் பட்டினி தொடங்கியதிலிருந்து அவரும் ஒருவேளைகூட இல்லாத ஒருசந்தி இருந்திருக்கிறார்.

ஸ்பூனை வாங்கி, முதல் வாயை அவருக்கு ஊட்டினேன்.