அண்ணிக்கு வாங்கப் போன கிரீம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நாங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். அண்ணி அப்போது நான்கு மாதக் கர்ப்பம். கன்னமெல்லாம் மங்கு படர்ந்து, வெளியே வரவே கூச்சப்பட்டார். எனக்குப் பருவுக்காகத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் ஏ கிரீமில் என் முகம் தெளிந்திருந்தது.

"அதையே உங்களுக்கும் வாங்கிட்டு வர்றேன் அண்ணி" என்று, பழைய மருந்துச் சீட்டுடன் பிரேசர் டவுனுக்குப் போனேன்.

மருந்துக் கடையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்." டாக்டரிடம் அனுப்பிவிடுவாரோ என்று பொய் சொன்னேன்.

"உங்க ஸ்கின் நல்லாத்தானே இருக்கு?"

"சீட்டு இருக்கில்ல, குடுங்க" என்றேன் எரிச்சலாக.

டியூபை மேசைமேல் வைத்தவர் கையை எடுக்கவில்லை. "கோச்சிக்காதீங்க மேடம். வேற யாருக்காவதுன்னா சொல்றேன், மாசமா இருக்கிறவங்க இதப் போடவே கூடாது. வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது."

"வேணாம்" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டில், "ஸ்டாக் இல்லையாம் அண்ணி, உங்க டாக்டரையே கேட்டுக்கலாம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மங்கும் சில மாதங்களில் தானாகவே மறைந்தது. எனக்கு ஒத்துக்கொண்டது அவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று அன்று ஒரு நொடிகூட நான் சந்தேகப்படவில்லை. சொன்னால் அண்ணி சிரித்துவிடுவார் என்று தெரியும். ஆனாலும் இன்றுவரை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.