பஞ்சுவும் பொய் மெஷினும்

பிறந்தபோது இருந்த எடையைப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பிழைத்தது. தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்ததால் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். நாலு வயதில் கொதிக்கிற வெந்நீர் தோளில் கொட்டியது. கை இனி மடங்காது என்றார்கள், மடங்கியது. கட்டியவன் இரண்டு பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனான். இன்று மகன் லாரி ஓட்டுகிறான், மகள் டைப் அடிக்கிறாள். ஆபரேஷன் தியேட்டரில் தரை துடைக்கப் போனபோது, ரத்தத்தைப் பார்த்து முதல் நாளே மயங்கி விழுவாள் என்று பந்தயம் கட்டினார்கள். விழுந்தவர்கள் பயிற்சிக்கு வந்த சின்ன டாக்டர்கள். அவர்களைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவள் பஞ்சு. தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் வழக்கமே அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அவளை ஆக்கினார்கள்.

இத்தனையும் ஜெயித்தவள், ஒரு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்ததில் தோற்றாள்.

தியேட்டரின் உள்ளறையில் வலி ஊசி மருந்துகள் இருக்கும் அலமாரி உண்டு. அதிலிருந்து ஒரு பெட்டி காணாமல் போனது. போலீஸ் உள்ளே வந்தால் நோயாளிகள் வெளியே போய்விடுவார்கள் என்று மேனேஜர் பயந்தார். பொய் கண்டறியும் சோதனை செய்கிற ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்தார். அந்த அறைக்குள் போய்வருபவர்கள் மூன்று பேர்: சாவி வைத்திருக்கும் தலைமை நர்ஸ், மருந்து கொண்டு வைக்கும் ஸ்டோர்காரர், தரை துடைக்கும் பஞ்சு. சோதனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் மேனேஜர். வர விருப்பமில்லாதவர்கள் மறுநாளிலிருந்து வேலைக்கும் வர வேண்டாம் என்றார், அதே மூச்சில்.

சோதனைக்காரர் வருவதற்குள் ஆஸ்பத்திரி தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. வாசல் காவலாளி தினமும் அவளை நிறுத்தி, துடைப்பான் வாளிக்குள் தடியை விட்டுக் கலக்கிப் பார்த்தார்.

"என்ன பஞ்சு, வெறும் தண்ணிதானா? அடியில ஒண்ணும் தட்டுப்படலையே!"

"அழுக்குத் தண்ணிண்ணே. வேணும்னா ஒரு டம்ளர் எடுத்துக்குங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்தார். மறுநாள் தடியை இன்னும் ஆழமாக விட்டார். மூன்றாம் நாள் வாளியைக் காலால் சாய்த்து, வழிந்த தண்ணீரை அவளையே துடைக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டு போன நர்ஸுகளில் ஒருத்தி, "எனக்கும் முதுகு வலிக்குதுடி, ஒரு ஊசி இருந்தா போடேன்" என்றாள். தடி வாளியில் மோதும் சத்தம் கேட்டாலே பஞ்சுவுக்கு நெஞ்சு திக்கென்றது. வீட்டில் மகள் பாத்திரத்தில் கரண்டி போட்டாலும் திடுக்கிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வந்தாள். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள். யாரையெல்லாமோ விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

"சின்னப் பொய்யா இருந்தாலும் அந்த மெஷினுக்கு மூக்கு வேர்த்துடுமாம். அதனால முன்னாடியே எல்லாத்தையும் சோதனை பண்றவர்கிட்ட கொட்டிடு. உள்ளே ஒண்ணுமே இல்லேன்னா அது எதைப் பிடிக்கும்?"

இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, பஞ்சு பிறந்ததிலிருந்து சொன்ன பொய்களை வயது வாரியாக எடுத்துப் போட்டார்கள்.

"அம்மா புடவையைக் கிழிச்சது யாருன்னு கேட்டப்ப என்ன சொன்னே?"

"பூனைன்னு சொன்னேன்."

"அடிப்பாவி, பூனை செத்தே ஆறு மாசம் ஆகியிருந்துதே!"

"அம்மா நம்பினாளே."

"சரி, அது ஒண்ணு. ஆஸ்பத்திரியில?"

"காது வலிக்கு ரெண்டு பஞ்சு உருண்டை எடுத்தேன். ஒரு தடவை சோப்பு. அப்புறம், அத்தை செத்துட்டாங்கன்னு லீவு கேட்டேன்."

"எந்த அத்தை?"

"நமக்கு ஏதுக்கா அத்தை?"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, நறுக்கியதில் பாதி தரையில் கொட்டிவிட்டது. ஆனால் அக்கா விடவில்லை. ஒரு பொய் மிச்சமில்லை என்று நிச்சயமான பிறகுதான் எழுந்து போனாள்.

புதன்கிழமை காலையில் மாடி அறையில் சோதனை. முதலில் தலைமை நர்ஸ் போய்விட்டு வந்தாள். நேராகக் கீழே இறங்கிப் போனாள். அடுத்து ஸ்டோர்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பெட்டி கேள்வி ஒண்ணும் பெரிசில்ல பஞ்சு. 'உங்களை நம்பினவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கீங்களா'ன்னு ஒண்ணு கேக்குறாரு பாரு, அங்கதான் வேர்த்துக் கொட்டிடுச்சு. என் பொண்டாட்டி முகம் வந்து நின்னுடுச்சு. இல்லவே இல்லேன்னுட்டேன்."

சோதனைக்காரர் சின்ன வயதுக்காரர். மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். கேட்கப்போகிற கேள்விகளையெல்லாம் முன்னதாகவே சொல்லிவிடுவேன், ஒளிவுமறைவு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உங்களை நம்பினவங்ககிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களாம்மா?"

"சொல்லியிருக்கேன் சார்."

அவர் தலைநிமிர்ந்தார். "சரி, ஏதாவது சின்ன விஷயமா இருக்கும். அதைத் தவிர?"

"இருக்கு சார். பூனை விஷயம்."

பூனையைச் சொன்னாள். இல்லாத அத்தையைச் சாகடித்ததைச் சொன்னாள். வேலை பார்க்கிற இடத்தில் எதையாவது எடுத்ததுண்டா என்றதற்குப் பஞ்சு உருண்டையையும் சோப்பையும் சொன்னாள். அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"இப்போ சொன்னதெல்லாம் தவிர, வேற ஏதாவது?"

"இல்ல சார். அவ்வளவுதான். அக்கா நல்லா யோசிக்க வெச்சா."

நெஞ்சைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக ரப்பர் குழாய்களைக் கட்டினார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை, இரண்டு விரல்களில் கவ்விகள். நாற்காலியில் ஒரு மெத்தை இருந்தது. அசைந்தால் அதுவும் காட்டிக்கொடுக்குமாம். எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும், ஆமாம் இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பட்டை இறுகியதும் விரல்கள் மரத்துப் போயின. அவர் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்குப் புதன்கிழமையா?"

"ஆமா."

"இப்போ சொன்னதைத் தவிர, உங்களை நம்பினவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல." கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல மனசு சும்மா இருந்தது.

"அலமாரியிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்தது நீங்களா?"

"இல்ல."

மனசுக்குள் வாளியில் தடி மோதியது. காதுக்குள் ரத்தம் அடிப்பது அவளுக்கே கேட்டது. மூச்சை ஒழுங்காக விட நினைத்தாள். நினைத்ததும் மூச்சு முட்டியது. அதே கேள்விகளை வரிசை மாற்றி மூன்று சுற்று கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி எப்போது வரும் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் வந்தது.

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சோதனைக்காரர் மேனேஜரை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. துடைக்கிற பெண்ணுக்கு என்ன புரியப்போகிறது என்றிருக்கலாம்.

"பொய் சொன்னதுண்டான்னு எல்லாரையும் கேப்போம் சார். யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இல்லேன்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள பதறுவாங்க. அந்தப் பதட்டம்தான் அளவுகோல். திருட்டுக் கேள்விக்கு அதைவிட அதிகமாப் பதறினா ஆள் மாட்டினான்னு அர்த்தம். நர்ஸும் ஸ்டோர்காரரும் பொய்க் கேள்வியில பதறினாங்க, பெட்டிக் கேள்வியில பதறல. சுத்தம். இந்தம்மா முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டு ஜம்முனு உக்காந்திருக்கு. பெட்டின்னதும் துள்ளுது."

"அப்போ இவதான்."

"பேப்பர்ல அப்படித்தான் விழுந்திருக்கு."

மேனேஜர் உள்ளே கூப்பிட்டபோது குமாஸ்தா எல்லாம் தயாராக வைத்திருந்தார். பெட்டியை எடுத்தது நான்தான், என் விருப்பப்படி வேலையிலிருந்து விலகுகிறேன் என்று தாளில் இருப்பதாக வாசித்துக் காட்டினார். பக்கத்தில் மைப்பெட்டி திறந்திருந்தது.

"கட்டைவிரலை உருட்டிட்டுப் போயிடு. போலீஸ் கீலீஸ்னு போக மாட்டோம்" என்றார் மேனேஜர்.

"நான் எடுக்கல சார்."

"மெஷின் சொல்லுதே."

"மெஷினா எனக்குச் சோறு போட்டுச்சு? இத்தனை வருஷமா என்னைப் பாத்தது நீங்கதானே சார். நீங்க சொல்லுங்க, நான் எடுத்தேனா?"

மேனேஜர் குமாஸ்தாவைப் பார்த்தார். "உருட்டலேன்னா இப்பவே வெளியே. திருட்டுக்காக நீக்கினதுன்னு எழுதித்தான் அனுப்புவேன். வேற எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் உன்னை நிக்க விடமாட்டாங்க. பாத்துக்கோ."

பஞ்சு குமாஸ்தா பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தாள்ல, சோதனை முடிவைச் சொன்னாங்க, நான் ஒத்துக்கல, நான் எடுக்கலேன்னு எழுதிக் குடுங்க. அதுல போடறேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக் குடுய்யா. ஆசைப்படுது. வேலை போனது போனதுதானே."

குமாஸ்தா இரண்டு வரி எழுதி, தாளோடு மைப்பெட்டியையும் நகர்த்தினார். பஞ்சு அதைத் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க."

சம்பளத்துக்கும் ரேஷனுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அதுவரை கட்டைவிரல்தான் உருட்டியிருந்தாள். நிரந்தரமானதும் மகளிடம் எழுதிப் பழகியவள், சிரிப்பார்களோ என்று யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள். பஞ்சு என்று எழுதவில்லை. தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள். மரத்த விரல்கள் இன்னும் சரியாகவில்லை. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார்.

வாசலில் காவலாளி அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார். அடுத்த மாதம் அதே அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டி போனது. அவளை யாரும் கூப்பிட்டனுப்பவில்லை. எந்த ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பேருந்து நிலையக் கழிப்பறையில் தரை துடைக்கிறாள். அவள் பெயர் எழுதிக் கொடுத்த தாளை மேனேஜர் பத்திரமாக வைத்தாரா, கிழித்துப் போட்டாரா தெரியாது. அந்தத் தாளில் அவள் பெயருக்குக் கீழே குமாஸ்தா போட்ட தேதி, அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி: 2015 மார்ச் 11, புதன்கிழமை.