தேரில் என் பெயர்

காலை எட்டேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது தேர்ச்சில்லுக்கு மேலே மின்னிய பித்தளைத் தகடு. ‘பிரேக் கண்டுபிடிப்பு’ என்று பொறித்து, கீழே என் பெயர்.

நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. திருடினேன்!

ஜேர்மனிக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவன் நான். மூலத்தைச் சொல்லாமல் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஆஹென் பக்கத்தில் ஆணி, பூட்டு விற்கும் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, லண்டனில் தங்கையைப் பார்க்கப் போனபோது, ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் அந்த மனிதரின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய இரும்புக்கடைக்காரர். பகலில் தேநீர்க் கேத்தலும் ஆணியும் விற்றார். கடை பூட்டியபின் பாரவண்டிக்கு மிதிபிரேக் செய்தார். ஒரு தொழிற்சாலை அதைத் தன் பெயரில் விற்றது. அவர் ஏழையாகவே செத்தார்.

எனக்குக் கோபம் வந்தது... உங்களுக்கும் வந்திருக்கும்.

அடுத்த வருடம் இங்கே ஆஹென் பக்கத்து நகரசபை, பிரேக் இல்லாமல் எங்கள் கோயில் தேர் தெருவில் இறங்கக்கூடாது என்றது. சில்லுக்குக் கட்டை போட்டே தேரை நிறுத்திப் பழகியவர்கள் நாங்கள். திருவிழாவே நின்றுவிடும் போலிருந்தது. நான் அருங்காட்சியகத்தில் பார்த்த அவருடைய பிரேக்கை அப்படியே செய்து பூட்டினேன்.

வெள்ளோட்டத்தில் தேர் நின்றது. ஆனால் தெரு முடக்கில் திரும்பவில்லை. ஒரு சில்லைப் பிடித்து மற்றதை ஓடவிட்டால்தான் தேர் திரும்பும். கட்டை போட்டு வளர்ந்த நானே இதை மறந்திருந்தேன்! மிதியை இரண்டாகப் பிரித்தேன், சில்லுக்கு ஒன்றாக. அந்தப் பாதி என்னுடையது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான், மறைக்கமாட்டேன்.

ஆனால் தகட்டில் பாதி என்று இல்லையே?

“அண்ணை, எங்கட தேருக்கு நீங்கள்தான் பிரேக்!” என்றார், இன்று தேரில் அந்தத் தகட்டைப் பூட்டுவித்த கோயில் தலைவர்.

“வீட்டில அவருக்குப் பிரேக் நான்,” என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இயந்திரவியல் படிக்கும் ஒரு பெண், குனிந்து மிதிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அங்கிள், இந்த ஐடியாவ எங்கயிருந்து எடுத்தனீங்கள்?”

அந்த ஆங்கிலேயரின் பெயர் வாய்வரை வந்தது. தலைவரைப் பார்த்தேன். தகட்டைப் பார்த்தேன்.

“கடையில இருந்து யோசிச்சனான், பிள்ளை.”

ஏன்? செத்தவருக்கு என்ன நட்டம் என்றா? அல்லது அந்தத் தகடு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்ததா... அவரைக் கொள்ளையிட்ட இரண்டாவது ஆள் நான். அது மட்டும் தெரியும்.

தேர் புறப்பட்டது. இறக்கத்திலும் முடக்கிலும் ஒரு கட்டைகூடத் தேவைப்படவில்லை.